செங்கடலின் அடியில் ஒரு போர்க்காலச் சரக்குக் கப்பல்

வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிலத்தின்மேல் கிடைக்கும் சான்றுகளையே நாடுகின்றனர். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசாங்க ஆவணம், பயணியின் குறிப்பேடு ஆகியன நம் கைக்கு எட்டுபவை. கடலின் அடியில் கிடக்கும் சான்றுகளோ நெடுங்காலம் எட்டாதவையாகவே இருந்தன. மூச்சுக்காற்றை முதுகில் சுமந்து நீருக்குள் இறங்கும் வழி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எளிதானது. அதன் பின்னரே மூழ்கிய கப்பல்கள் வரலாற்று மாணவனின் பார்வைக்குள் வந்தன.

அவ்வாறு பார்வைக்கு வந்தவற்றுள் புகழ்பெற்றது, சினாய் தீபகற்பத்தின் தென்முனைக்கு மேற்கே, சூயஸ் வளைகுடாவின் வாயிலில் கிடக்கும் 'திஸில்கோர்ம்' எனும் பிரித்தானியச் சரக்குக் கப்பல். 1941ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மூழ்கிய இக்கப்பலைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் முக்குளிப்போர் வருகின்றனர். அதன் கதை இரண்டாம் உலகப் போரின் ஒரு சிறு நிகழ்ச்சிதான். எனினும் ஒரு பெரிய வினாவை அது நம்முன் வைக்கிறது. கடல் ஐம்பது ஆண்டுகள் காத்துவைத்த ஓர் ஆவணத்தை, அதை விரும்பி நாடிச் செல்லும் மனிதர்களே சிதைத்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

பவளப்பாறைகளின் கடல்

செங்கடலை முற்கால அரபு நூலோர் 'பஹ்ருல் குல்ஸும்' என்று அழைத்தனர். சூயஸுக்கு அருகிலிருந்த குல்ஸும் எனும் பழைய துறைமுகத்தால் வந்த பெயர் அது. மாலுமிகள் அஞ்சிய கடல் அது. ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) அய்தாப் துறையிலிருந்து ஜித்தாவுக்குக் கடந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், அங்கு ஓடிய 'ஜிலாப்' எனும் மரக்கலங்களைத் தம் பயண நூலில் விரிவாக வருணித்துள்ளார். அவற்றில் ஓர் இரும்பு ஆணியும் இல்லை. பலகைகள் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. சுறா எண்ணெய் போன்றவற்றைப் பூசி மரத்தை நெகிழ்வுடையதாக வைத்திருந்தனர். நீருக்குள் மறைந்திருக்கும் பாறைகளில் மோதும்போது நொறுங்காமலிருக்கவே இந்த ஏற்பாடு என்று அவர் விளக்குகிறார்.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த கடலோடி இப்னு மாஜித், ஏறத்தாழ 1490இல் நிறைவு செய்த 'கிதாபுல் ஃபவாயித்' எனும் நூலின் இறுதி அத்தியாயத்தைச் செங்கடலுக்கே ஒதுக்கினார். கடல்நூல் வல்லார் ஒருவர் ஒரு கடலுக்குத் தனி அத்தியாயம் எழுத வேண்டியிருந்தது எனில், அங்குள்ள பாறைகளும் குறுகிய நீர்வழிகளும் எத்தகையவை என்பது புலனாகும். அவ்வகைப் பாறையை அரபியர் 'ஷஅப்' என்பர். திஸில்கோர்ம் கிடக்குமிடத்திற்கு 'ஷஅப் அலி' என்று பெயர்.

உடைமைக்காக முக்குளித்த காலம்

மூழ்கிய பொருளை மேலே கொண்டுவரும் முயற்சி மிகப் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் தங்களுடைய 'கிதாபுல் ஹியல்' எனும் பொறிநூலில், நீரின் அடியில் கிடக்கும் பொருளைக் கவ்வி எடுக்கும் ஒரு கருவியை விளக்கியுள்ளனர். இரண்டு பாதிகளாகத் திறந்து மூடும் அமைப்பு அது. பதினொன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்-பிரூனி, இரத்தினங்களைப் பற்றி எழுதிய நூலில் முத்துக்குளிப்போரின் தொழிலை விவரிக்கும்போது, மூச்சடக்கும் துன்பத்தை நீக்கத் தோலால் செய்யப்பட்ட ஒரு சுவாச ஏற்பாட்டைப் பற்றித் தாம் கேள்வியுற்ற செய்தியையும் பதிவு செய்கிறார். நீருக்குள் நெடுநேரம் தங்கவேண்டும் எனும் எண்ணம் ஐரோப்பாவில் மட்டும் தோன்றியதன்று என்பதற்கு இவை சான்று.

இம்முயற்சிகளின் நோக்கம் உடைமையே. ஆகவேதான், கப்பல் உடைந்து சரக்கு மூழ்கினால் அது யாருக்கு உரியது எனும் வினா ஃபிக்ஹு நூல்களில் இடம்பெற்றது. உரிமையாளர் கைவிட்டுப் போனதை முக்குளித்து எடுத்தவனுக்கே அது சொந்தம் என்றனர் ஒரு சாரார். உடையவனின் உரிமை நீரில் கரையாது, எடுத்தவனுக்கு உழைப்பின் கூலி மட்டுமே உண்டு என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரின் கண்முன்னும் இருந்தவர்கள் இருவரே: இழந்தவன், எடுத்தவன்.

செங்கடலிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு நிகழ்ச்சி உண்டு. நம் பகுதிக்கு ஐரோப்பியர் வழங்கிய 'கர்னாடிக்' எனும் பெயரைத் தாங்கிய பிரித்தானிய நீராவிக் கப்பல் ஒன்று, 1869 செப்டம்பரில் சூயஸிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் திறப்பதற்கு இரண்டு மாதங்களே எஞ்சியிருந்தன. ஷஅப் அபூ நுஹாஸ் எனும் பாறையில் அக்கப்பல் மோதியது. மறுநாள் உடைந்து மூழ்கியபோது 31 பேர் உயிரிழந்தனர். அதில் 40,000 பவுன் பெறுமான நாணயமும் செம்பும் இருந்தன. சில வாரங்களிலேயே தலைக்கவசமணிந்த முக்குளிப்பாளர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டுப் பணத்தின் பெரும்பகுதியை மீட்டார். 'நுஹாஸ்' என்றால் அரபியில் செம்பு. கப்பலில் இருந்த செம்பினாலேயே அப்பாறைக்கு அப்பெயர் வந்தது என்பர். பணம் மீட்கப்பட்டவுடன் கப்பலைப் பற்றிய அக்கறையும் முடிந்தது.

'திஸில்கோர்ம்' பிறந்த கதை

திஸில்கோர்ம், வடகிழக்கு இங்கிலாந்தின் சந்தர்லாந்து நகரில் ஜோசப் தாம்சன் அண்ட் சன்ஸ் கப்பல் கட்டும் தளத்தில், ஆல்பின் லைன் நிறுவனத்திற்காகக் கட்டப்பட்டது. அந்நிறுவனத்தின் கப்பல்கள் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடியின் பெயரைத் தாங்கியவை. கேலிக் மொழியில் 'கோர்ம்' என்பது நீலம். நீல முட்பூ என்பது கப்பலின் பெயர்ப்பொருள். நீளம் ஏறத்தாழ 126 மீட்டர்; மொத்தக் கொள்ளளவு 4,898 டன். அது நீரில் இறக்கப்பட்ட நாள் 1940 ஏப்ரல் 9. ஜெர்மனி டென்மார்க்கின்மீதும் நார்வேயின்மீதும் படையெடுத்த அதே நாள்.

வணிகக் கப்பலாயினும் அதன் பின்பகுதியில் 120 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றும் வானூர்தி எதிர்ப்புத் துப்பாக்கியும் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றை இயக்கக் கடற்படை வீரர்கள் உடன் சென்றனர். வணிகமும் போரும் ஒரே தளத்தில் பயணம் செய்த காலம் அது.

1941இன் நடுப்பகுதியில் மத்தியதரைக் கடலின் ஊடே பிரித்தானியச் சரக்குக் கப்பல்கள் எகிப்தை அடைவது பேராபத்தாகியிருந்தது. எனவே வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிடும் படைகளுக்கான தளவாடங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகச் செங்கடலுக்கு வந்து, சூயஸ் கால்வாயின் தென்வாயிலை அடையவேண்டியிருந்தது. கேப்டன் வில்லியம் எல்லிஸின் தலைமையில் திஸில்கோர்ம் தன் நான்காவது பயணமாக இவ்வழியை மேற்கொண்டது. 1941 ஜூன் 2இல் கிளாஸ்கோவிலிருந்து புறப்பட்டது, சேருமிடம் அலெக்சாந்திரியா.

அதற்கு முந்திய நாள், ஜூன் 1 அன்று, கிரீட் தீவின் போர் முடிவுற்று அத்தீவு முழுமையாக ஜெர்மானியர் கைக்குச் சென்றது. நான்கு மாதங்களுக்குப் பின் இக்கப்பலை மூழ்கடித்த வானூர்திகள் எழுந்தது அந்தத் தீவிலிருந்துதான். கிளாஸ்கோவில் நங்கூரம் எடுத்தவர்களுக்கு அது எவ்வாறு தெரிந்திருக்கக் கூடும்?

நள்ளிரவுக்குப் பின்

கேப் டவுனில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரமாக வடக்கே வந்த கப்பல், செப்டம்பரில் செங்கடலின் வடகோடியை அடைந்தது. கால்வாயில் தடை ஏற்பட்டிருந்ததால் வரிசையில் நின்ற கப்பல்கள் பல. ஷஅப் அலிக்கு அருகே 'பாதுகாப்பான நங்கூரமிடம் எஃப்' என்று பெயரிடப்பட்ட இடத்தில் காத்திருக்குமாறு திஸில்கோர்முக்கு ஆணை வந்தது. எச்.எம்.எஸ். கார்லைல் எனும் போர்க்கப்பல் காவலாக நின்றது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அங்கேயே கழிந்தன.

பெரும் துருப்புக் கப்பல் ஒன்று அப்பகுதிக்கு வருவதாக ஜெர்மானியருக்குத் தகவல் எட்டியிருந்தது. அதைத் தேடி அக்டோபர் 5ஆம் நாள் இரவு ஹைன்கெல் குண்டுவீச்சு வானூர்திகள் புறப்பட்டன. தேடிய கப்பல் கிடைக்கவில்லை. திரும்பும் வேளையில் நிலவொளியில் நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்று கண்ணில் பட்டது. 6ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் வீசப்பட்ட இரு குண்டுகள் அதன் நான்காம் சரக்கறையைத் தாக்கின. அங்கு நிரப்பப்பட்டிருந்தவை வெடிமருந்துகள். அவை வெடித்ததில் கப்பலின் பின்பகுதி பிளந்தது. மேல்தளத்தில் கட்டப்பட்டிருந்த இரண்டு நீராவி இரயில் என்ஜின்கள் தூக்கியெறியப்பட்டுக் கடலில் வீழ்ந்தன. சில நிமிடங்களில் கப்பல் அடியை அடைந்தது.

தீப்பற்றிய தளத்தின் மீது ஓடிச் சென்று காயமுற்ற துப்பாக்கி வீரர் ஒருவரைத் தூக்கிவந்த ஆங்கஸ் மெக்லே எனும் மாலுமிக்குப் பின்னர் ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. உயிர் தப்பியோரைக் கார்லைல் ஏற்றிக்கொண்டது. ஒன்பது பேர் மாண்டனர்: நால்வர் வணிகக் கப்பலின் பணியாளர்கள், ஐவர் கடற்படைத் துப்பாக்கி வீரர்கள்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுவது கடமை. அக்காலப் பிரித்தானிய வணிகக் கப்பற்படையின் என்ஜின் அறைகளிலும் தளங்களிலும் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த 'லஸ்கர்' எனப்படும் கடலோடிகள் பல்லாயிரவர் பணியாற்றினர். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் பகுதிகளின் முஸ்லிம்கள் அவர்களில் மிகுதி. அப்போரில் ஆயிரக்கணக்கான இந்தியக் கடலோடிகள் உயிரிழந்தனர். கடலன்றி வேறு கல்லறை இல்லாத பிரித்தானிய வணிகக் கடலோடிகளின் பெயர்கள் இலண்டனில் டவர் ஹில் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியக் கடலோடிகளுக்கான நினைவிடங்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ளன. போர்க்காலச் சரக்குக் கப்பல் எதைப் பற்றிப் பேசினாலும் இம்மனிதர்களை மறத்தல் முறையன்று.

சரக்கே ஆவணம்

திஸில்கோர்மின் சரக்கறைகளில் இருந்தவற்றைப் பார்த்தால் பாலைவனப் போர் எவ்வாறு நடந்தது என்பது விளங்கும். பெட்ஃபோர்டு சரக்கு வாகனங்கள். அவற்றின் முதுகில் நெருக்கி அடுக்கப்பட்ட நார்ட்டன், பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்கள், இரும்புக் கவசமிட்ட சங்கிலிச் சக்கர வண்டிகள், துப்பாக்கிகள், வானூர்தி உதிரிப்பாகங்கள், மின்னாக்கிகள், முழங்கால் உயர ரப்பர் காலணிகள், தோட்டாப் பெட்டிகள். மேல்தளத்தில் இரண்டு இரயில் என்ஜின்களும் அவற்றுக்குரிய நிலக்கரி வண்டிகளும் நீர்த்தொட்டி வண்டிகளும்.

போரை நாம் தளபதிகளின் பெயர்களாலும் வெற்றி தோல்விகளாலும் நினைவு கூர்கிறோம். ஆயினும் பாலைவனத்தில் வெற்றியைத் தீர்மானித்தவை நீரும் எரிபொருளும் சக்கரங்களும். நீர்த்தொட்டி வண்டியை ஆயிரக்கணக்கான அடி ஆழமுள்ள பெருங்கடல்களின்மேல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுவரவேண்டியிருந்தது என்பதே, அப்போரின் தன்மையை ஓர் அத்தியாயத்தைவிடத் தெளிவாகச் சொல்லும். கப்பல் மூழ்கி ஆறு வாரங்களில், 1941 நவம்பர் 18 அன்று, பிரித்தானிய எட்டாம் படை 'குரூசேடர்' எனும் பெயரில் தன் தாக்குதலைத் தொடங்கியது. அப்படையில் 4ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு இருந்தது. அப்பிரிவுடன் பாதை அமைக்கவும் கண்ணிவெடி அகற்றவும் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் இருந்தனர். அவர்களில் தமிழர் பலர். அந்தப் பாலைவனப் போர் நமக்கும் முற்றிலும் அயலானதன்று.

சரக்குப் பட்டியல்கள் காகிதத்திலும் இருக்கலாம். ஆனால் எந்தப் பொருள் எதன்மேல் வைக்கப்பட்டது, ஒரு வாகனத்துக்குள் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் பொருத்தப்பட்டன, இடத்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தினர் என்பனவற்றைக் காகிதம் சொல்வதில்லை. கப்பல் சொல்கிறது. ஒரு பொருளை அது கிடந்த இடத்திலிருந்து பெயர்த்தால் அந்தச் செய்தியும் அதனோடு அழிந்துவிடும்.

மறந்ததும் கண்டதும்

போர் கப்பலை மூழ்கடித்தது. அதே போரின் நடுவில்தான் அதைக் காணும் வழியும் பிறந்தது. ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த பிரான்சில், 1943இல், கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கானியானும் தேவைக்கேற்பக் காற்றை வழங்கும் சுவாசக் கருவியை உருவாக்கினர். முக்குளிப்பவன் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், அவன் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ற காற்று வெளிவரும். மேலிருந்து குழாய் தேவையில்லை. கனத்த தலைக்கவசமும் தேவையில்லை. இன்று ஸ்கூபா என்று உலகெங்கும் வழங்கும் முறையின் அடிப்படை இதுவே.

1950களின் நடுவில் கூஸ்தோ தம் 'கலிப்ஸோ' கப்பலில் செங்கடலுக்கு வந்தபோது திஸில்கோர்மைக் கண்டறிந்தார். லூயி மாலுடன் சேர்ந்து அவர் இயக்கி 1956இல் வெளியான 'மௌன உலகம்' எனும் ஆவணப்படத்தில் இக்கப்பலில் இறங்கிய காட்சிகள் உள்ளன. கான் திரைப்பட விழாவில் அப்படம் உயரிய பரிசைப் பெற்றது. அவருடைய குழுவினர் கப்பலின் மணியையும் மோட்டார் சைக்கிள் ஒன்றையும் மேலே எடுத்தனர். அக்காலத்தில் அது தவறாகக் கருதப்படவில்லை. கப்பல் கிடக்கும் இடத்தை அவர் பரப்பவில்லை.

அதன்பின் கப்பல் மீண்டும் மறக்கப்பட்டது. 1967 போரில் சினாயை இஸ்ரேல் கைப்பற்றியது; 1982இல் எகிப்து அதனை மீளப் பெற்றது. ஷர்முஷ் ஷெய்க் சிற்றூர் சுற்றுலா நகரமாக வளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்து சென்ற முக்குளிப்பாளர்கள் கப்பலை மறுபடி கண்டனர். இம்முறை அதன் இருப்பிடம் மறைக்கப்படவில்லை.

இறங்குவோன் காண்பது

கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் மணற்பரப்பின்மேல் அமர்ந்துள்ளது. முன்பகுதி நிமிர்ந்தபடியே இருக்கிறது. மேற்பரப்பிலிருந்து 16, 17 மீட்டர் இறங்கினாலே உயர்ந்த பகுதிகளைத் தொட்டுவிடலாம். குண்டு தாக்கிய இடத்திற்கு அப்பால், பின்பகுதி முறிந்து ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது. பீரங்கி இன்னும் அதன்மேல் நிற்கிறது. என்ஜின்கள் கப்பலின் இருமருங்கும் மணலில் உள்ளன. இரும்பெங்கும் பவளம் படர்ந்துள்ளது. சரக்கறைகளில் மீன்கூட்டங்கள் வாழ்கின்றன.

இந்த ஆழம் கப்பலின் பேறும் கேடும் ஆகும். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் உடலின்மீது நான்கு மடங்கு அழுத்தம். அங்கு இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்பில் இழுப்பதைப்போல் நான்கு மடங்கு காற்றைச் செலவழிக்கும். 12 லிட்டர்ச் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்று 2,400 லிட்டர். நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சிழுக்கும் ஒருவர் 30 மீட்டரில் 80 லிட்டர் செலவிடுவார். மேலே திரும்புவதற்கான காற்றை ஒதுக்கிவிட்டால் அடியில் இருக்கக்கூடியது இருபது நிமிடங்களே. அழுத்தத்தில் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன், விரைந்து மேலேறினால் குமிழிகளாகி உடலைத் தாக்கும் என்பதால், மெல்லவே ஏறவும் வேண்டும்.

எனினும் சிறப்புப் பயிற்சியின் உச்சத்தை எட்டாத, பொழுதுபோக்காக முக்குளிப்பவரும் எட்டக்கூடிய ஆழம் இது. ஆகவேதான் கூட்டம் வருகிறது. இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் அருகிலேயே உண்டு. திஸில்கோர்ம் மூழ்கி இரண்டு நாட்களில், அக்டோபர் 8ஆம் நாள், நிலக்கரி ஏற்றிய 'ரோசலி மோலர்' எனும் கப்பலும் அதே வானூர்திப் படையினரால் குபல் தீவுக்கருகே மூழ்கடிக்கப்பட்டது. அது 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்குச் செல்வோர் மிகக் குறைவு. கப்பல் பெரிதும் குலையாமல் நிற்கிறது. ஒரே கடல், ஒரே வாரம், ஒரே பகைவன். இன்றைய நிலையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் மனிதரின் வருகைக்குப் பெரும் பங்குண்டு.

விரும்பிச் சிதைத்தல்

சிதைவு மூன்று வழிகளில் நேர்ந்தது. முதலாவது, படகுகளைக் கப்பலின் உடலிலேயே கயிற்றால் கட்டுவது. அலையில் படகு எழுந்து தாழும் ஒவ்வொரு முறையும் கயிறு இரும்பை இழுக்கிறது. கைப்பிடிக் கம்பிகளும் தளப்பகுதிகளும் இவ்வாறு பெயர்ந்தன. இரண்டாவது, நினைவுப் பொருள் எடுப்பது. மோட்டார் சைக்கிள்களின் உறுப்புகளும் வாகனங்களின் கருவிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. எடுத்தவர் ஒவ்வொருவரும் தாம் எடுத்தது மிகச் சிறியது என்றே எண்ணியிருப்பர். மூன்றாவது, எவரும் கருதாமல் செய்வது. முக்குளிப்போர் விடும் காற்றுக்குமிழிகள் சரக்கறைகளின் கூரையில் தேங்கி, இரும்பு துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகின்றன. கப்பலைத் தொடாதவரும் தம் மூச்சால் அதை அரிக்கிறார்.

ஹுர்கதாவைச் சேர்ந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கம் 2007ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விடத்தைச் சிலகாலம் மூடி, தேங்கிய காற்று வெளியேறத் துளைகளிட்டு, கப்பலின்மீது கயிறு கட்டாமலிருக்கத் தனிக் கட்டுமிடங்களை அமைத்தது. நல்ல முயற்சி, ஆனால் படகுகளின் எண்ணிக்கைக்கும் இழுவைக்கும் அவை ஈடுகொடுக்கவில்லை. பழைய பழக்கம் திரும்பியது.

நூறாண்டு எனும் எல்லை

சட்டம் என்ன செய்கிறது? நீரடிப் பண்பாட்டு மரபைக் காப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2009இல் நடைமுறைக்கு வந்தது. மரபு என்று அது வரையறுப்பது, குறைந்தது 100 ஆண்டுகள் நீருக்கடியில் இருந்தவற்றை. எகிப்தின் 1983ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக நூறாண்டையே அளவாகக் கொள்கிறது. அக்கணக்கின்படி திஸில்கோர்ம் 2041இல்தான் தொன்மை எனும் தகுதியைப் பெறும். அதுவரை எஞ்சுவது எவ்வளவு என்பதே கவலை.

பிரித்தானியாவில் 1986ஆம் ஆண்டின் படைத்துறை எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றுண்டு. வணிகக் கப்பல் அதில் அடங்குமா எனும் வினா, இங்கிலாந்தின் தென்கரையில் 1943இல் மூழ்கிய 'ஸ்டோரா' எனும் சரக்குக் கப்பல் தொடர்பாக எழுந்தது. அதில் உயிரிழந்த ஒருவரின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். போர்த்தளவாடங்களுடன் காவல் அணியில் சென்ற வணிகக் கப்பலும் படைப்பணியில் இருந்ததாகக் கொள்ளப்படலாம் என 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008இல் அக்கப்பல் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. திஸில்கோர்மின் நிலை ஏறத்தாழ அதுவே. ஆயினும் எகிப்தின் கடற்பரப்பில் கிடக்கும் கப்பலை அச்சட்டம் எட்டாது.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2017இல் அலெக்சாந்திரியா, ஐனு ஷம்ஸ், நாட்டிங்காம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இணைந்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைக் கொண்டு கப்பலையும் சுற்றியுள்ள சிதறல்களையும் முப்பரிமாணத்தில் பதிவு செய்தனர். அன்றைய நிலை இன்ன இடத்தில் இன்ன பொருள் என்று குறிக்கப்பட்டுவிட்டது. இனி நேரும் ஒவ்வொரு இழப்பையும் அதனோடு ஒப்பிட்டு அறியலாம். நீருக்குள் இறங்க இயலாதவரும் அதைக் காணலாம். எகிப்தின் அறிஞர்கள் இதில் முன்னின்றது குறிப்பிடத்தக்கது. பிறநாட்டார் போரின் எச்சம் தங்கள் கடலில் கிடப்பதால் அதைத் தங்கள் வரலாற்றின் பகுதியாகவும் அவர்கள் ஏற்றனர்.

முற்காலச் சட்ட அறிஞர்கள் இழந்தவனுக்கும் எடுத்தவனுக்கும் இடையே நீதியைத் தேடினர். இன்று அவ்விருவரோடு வேறு இரு சாராரும் நம்முன் நிற்கின்றனர். ஒரு சாரார் அங்கேயே மாண்ட ஒன்பது பேர். மற்றொரு சாரார் இனிப் பிறந்து, இக்கப்பலைக் கேட்டறிய விரும்பப்போகிறவர்கள். இருவருக்கும் வாதாட வாயில்லை. ஆகவே அவர்களுக்காகச் செய்யக்கூடியவை எளியவை: படகைக் கப்பலில் கட்டாதிருத்தல், ஒரே வேளையில் இறங்குவோரின் எண்ணிக்கையை வரையறுத்தல், சரக்கறைகளுக்குள் தங்கும் நேரத்தைக் குறைத்தல், எதையும் எடுக்காதிருத்தல். 2041வரை காத்திராமல் எகிப்து அரசு இக்கப்பலுக்குத் தனி ஆணையால் பாதுகாப்பு அளித்தால், உலகின் பிற கடல்களில் கிடக்கும் இத்தகைய கப்பல்களுக்கும் அது முன்மாதிரியாகும்.

இப்னு ஜுபைர் தம் காலத்துக் கலங்களை நின்று கவனித்து எழுதிவைத்ததால், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றின் ஒவ்வொரு தையலையும் நாம் அறிகிறோம். அவர் கண்ட மரக்கலங்களில் ஒன்றும் இன்றில்லை. அவர் எழுத்து இருக்கிறது. திஸில்கோர்மின் இரும்பும் என்றேனும் மணலோடு மணலாகும். அதற்குமுன் அதைக் கவனித்துப் படித்துப் பதிவு செய்துகொள்ளும் வாய்ப்பு நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது.